மாப்பிள்ளை நின்ற பக்கம்

"அக்கா, வெளிச்சம் பாக்க ஒருக்கா வந்து நில்லுங்கோ" என்று படம் எடுக்கும் தம்பி இன்று பின்னேரம் பண்ணைக் கடலோரத்தில் கூப்பிட்டார். தலைக்கு அடிக்கும் ஸ்பிரேயின் மணம் கையில் இருந்தபடியே போய் நின்றேன். நின்ற பிறகுதான் தெரிந்தது, நான் நடுவில் நிற்கவில்லை. உனக்கு இடம் விட்டு, இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறேன். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது.

நிச்சயதார்த்தச் சோடிகளை அலங்கரித்துப் படத்துக்கு வெளிக்கிடுத்தும் தொழிலை நாம் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். சோடி வந்து சேருமுன் வெளிச்சம் பார்க்க நாமே கமராவுக்கு முன் நிற்போம். நீ என்னைவிட உயரம், அதனால் எப்போதும் நீதான் மாப்பிள்ளை. கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டே இல்லாத மீசையை முறுக்குவாய். "எடி, கொஞ்சம் வெக்கப்படன். சீதனமெல்லாம் பேசி முடிச்சாச்சு" என்பாய். சிரித்துச் சிரித்து என் கண் மை கலைந்துவிடும். நம் இருவருக்கும் கல்யாணம் சரிவரவில்லை என்று ஊரார் பெருமூச்சு விட்டுத் திரிந்தார்கள். நமக்கு அதற்கெல்லாம் நேரம் எங்கே இருந்தது?

இன்றைய பெண்ணுக்கு ஊர் உடுவில், பெடியன் கனடா. நேரில் கண்டு ஒரு கிழமைகூட ஆகவில்லையாம். சேலையின் கொய்யகத்தை மடித்து ஊசி குத்தி, பெடியனின் சால்வையையும் சரிசெய்து நிறுத்தினால், இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மாடு போகலாம். "கிட்ட, இன்னும் கிட்ட" என்று தம்பி கத்தக் கத்த, பெண் பிள்ளையின் தலை குனிந்துகொண்டே போனது. எனக்கும் பதற்றம்தான். உன் குரல் வந்துதான் காப்பாற்றியது. "கிட்ட வா எண்டா ஆர் வருவினம்? கையிலை ஒரு வேலையைக் குடு."

பிள்ளையின் செருப்பைக் கழற்றிப் பெடியனின் கையில் கொடுத்தேன். "தம்பி, இவ தண்ணியிலை இறங்கப் போறா. இதைப் பிடியுங்கோ." கூட வந்திருந்த பெடியனின் தாய்க்கு முகம் கறுத்துவிட்டது. "என்ரை பிள்ளையே செருப்புத் தூக்கிறது?" அதைக் கேட்டதும் பெண் வாய்விட்டுச் சிரித்து, கால் வழுக்கி, அவன் கையைப் பிடித்தாள். அந்தப் படம்தான் படம். "பாத்தியே?" என்று பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த நேரம் எவ்வளவு தனியாக இருந்தது என்பதை உன்னைத் தவிர வேறு ஆரிடம் சொல்வேன்?

இவ்வளவு சோடிகளை அழகாக்கி நிறுத்தினாய். உன் கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டார்கள். அதில் நீ முறைத்துக்கொண்டிருக்கிறாய். வெளிச்சம் பார்க்க நின்ற படங்களை அன்றன்றைக்கே அழித்துவிடுவார்கள். நாமும் கேட்டு வாங்கவில்லை, நாளைக்கும் நிற்கத்தானே போகிறோம் என்று. கடைசியாக உன்னை வெளிக்கிடுத்தியதும் நான்தான். சேலைக்கு ஊசி குத்தும்போது, பழக்கத்தில், "குத்துதோ?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

இன்று சோடி போன பிறகு, தம்பி கமராவில் வேண்டாத படங்களை அழித்துக்கொண்டிருந்தார்.

"என்ரை படத்தை அழிச்சுப் போடாதேங்கோ, தம்பி."

"அது சரியில்லை அக்கா. நீங்கள் ஒரு கரையிலை நிக்கிறியள். மற்றப் பக்கம் வெறுமையாக் கிடக்கு."

"ஓம், கிடக்கட்டும். வெட்டாமல் அப்பிடியே அனுப்பிவிடுங்கோ."

இப்போது அது என் போனில் இருக்கிறது. இடது பக்கம் நான், மை கலையாமல், சிரிக்காமல். நீ பார்த்தால் ஏசுவாய். வலது பக்கம் கடலும், உன் உயரத்துக்கு விழுந்த வெயிலும். நாம் இருவரும் எடுத்த படமென்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.