குங்குமம் வைத்த கம்ப்யூட்டர்

12.11.1989, ஞாயிறு இரவு

மருமகன் தன் அச்சகத்துக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து ஹாலில் இறக்கினார். ஒரு பெரிய பெட்டி, அதில் மாட்டும் நான்கு திரைகள். என்ன மாடல் என்று விற்றவனுக்கே தெரியவில்லையாம்.

எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. பெட்டியின் பின்பக்க ஓட்டைகளில் இன்னும் குங்குமம் ஒட்டியிருக்கிறது. கிள்ளான் டவுனில் என் மகள் வேலை பார்த்த லோரி கம்பெனியில் ஆயுத பூஜைக்கு அவள் வைத்த பொட்டு அது. அன்று நானும் அங்கே இருந்தேன். கலர் லைட் போடுவதற்காக மேனேஜர்தான் பிளக்கைப் பிடுங்கினான். நான்கு திரையும் ஒன்றாக அணைந்து, கணக்கெல்லாம் அழிந்துபோனது. பழியை என் மகள்மேல் போட்டு அவளை வேலையை விட்டு அனுப்பினான்.

“இத ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு நாளைக்கு வராரு அத்தை. கிள்ளான்ல லோரி கம்பெனி மேனேஜரா இருந்தவராம்” என்றார் மருமகன்.

“அவனா? என் வாசப்படிய மிதிக்கக் கூடாது!”

மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். “சும்மா இரு லா, அம்மா. இது ஓடலன்னா அச்சகமே படுத்துடும். காப்பி மட்டும் குடு. வாயத் தொறக்காத.”

காப்பி கொடுப்பேன். மற்றதற்கு நான் சரி என்று சொல்லவில்லை.