மாப்பிள்ளையின் பாதிக்குப் பாதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுப்பயலும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தட்டம்மையோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த எட்டுப் பிள்ளைகளில் நாலு பேர் தடுப்பூசி போட்டவர்கள், நாலு பேர் போடாதவர்கள், ஆகப் பாதிக்குப் பாதி, போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்திருக்கிறார். அடேயப்பா, சுகாதார அலுவலகத்தில் இதே கணக்கைப் பார்த்துத்தான் என் தலை நரைத்தது, இப்படி ஒரு மேதை வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரியாமல் போய்விட்டது. ஊரில் நூறு பிள்ளைகள் என்றால் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் ஐந்தே பேர் என்று அவரிடம் மெதுவாகச் சொல். அந்தத் தொண்ணூற்றைந்தில் நாலு பேர் படுத்தார்கள், இந்த ஐந்திலும் நாலு பேர் படுத்தார்கள். இதுவும் பாதிக்குப் பாதிதான் என்றால் அவர் வேலை பார்க்கும் வங்கியை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் சொல்றதுலயும் ஏதோ இருக்கும்மா என்று இழுக்கிறாய். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, ஊசி போடலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறீர்களாம். தள்ளுவண்டி வாங்க அத்தனை நாள் யோசித்ததாவது நியாயம், அது பல நிறத்தில் வருகிறது.

என் வேலை உனக்குத் தெரியும். பிள்ளை ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் பெற்றவர்களுக்குப் போன் போட்டு, ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டு எழுத வேண்டும். போன வாரம் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், மகளுக்கு மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். போடலைங்க, யோசிச்சுக்கிட்டே இருந்தோம் என்றாள். அப்புறம் அழுதுகொண்டே, உங்க வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா, அதுக்குப் போட்டுட்டீங்கல்ல என்று கேட்டாள். அந்த நிலையிலும் முகம் தெரியாத என் பேரனுக்காகப் பதறினாள். போட்டாச்சும்மா என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறதடி.

மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம். அப்பா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். மாதக் கடைசியில், மகள் தேறினாளா என்று கேட்டு எழுத அந்தப் பெண்ணுக்கு மறுபடி போன் போட வேண்டும். அதற்குள் நான் சொன்னதை நிஜமாக்கிவிடு.

உன் அம்மா