அண்ணனிடம் சொல்ல வேண்டியது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பள்ளி அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு. மூன்று மாதம் முன்பு ஓர் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுத்தார்கள். இந்தப் பக்கத்தில் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சின்ன வயதிலேயே சர்க்கரை ஏன் வருகிறது என்று பார்க்கிறார்களாம். முடிவு வந்துவிட்டது.

டாக்டர் சின்னப் பெண். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்களுக்கு இருக்கிறது எல்லாருக்கும் வர்ற சர்க்கரை இல்லக்கா. ஒரே ஒரு மரபணுவுல சின்ன மாற்றம். பொறக்கும்போதே கூட வந்தது. நீங்க சாப்பிட்டதுனால வரலை."

தொடங்கும்போது எனக்குப் பத்தொன்பது. இப்போது முப்பத்தெட்டு. வாயைக் கட்டியிருக்கலாம் என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். படியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அழுபவர்கள் நிறைய.

இனி ஊசியைக் குறைத்து மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். மாத்திரையே போதுமாகவும் இருக்கலாம்.

கிளம்பும்போது டாக்டர்: "கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவங்களுக்கு இருந்தா பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கண்டிப்பா சொல்லிருங்க."

தலையாட்டினேன். கூடப் பிறந்தது ஒரே அண்ணன். சோழவந்தானில். பேசி ஆறு வருடம்.

ஜூலை 10, வியாழன்

வாங்க வேண்டியது: பால், பல்பு, ஊசிமுனை. ஹவுஸ் ஓனரிடம் குழாய் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த நாளையே நினைத்துக்கொண்டு இருந்தேன். ஆறு வருடம் முன்பு எனக்குப் பூ வைக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, காப்பியில் ஏன் சர்க்கரை வேண்டாம் என்கிறாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். கல்யாணம் நின்றது. அண்ணன் கத்தியது இன்னும் காதில்: "கொஞ்ச நாள் வாய மூடிக்கிட்டு இருக்க முடியலயா? சீக்குக் குடும்பம்னு பேராயிருச்சு. எம்மகள நாளைக்கு எவன் கட்டுவான்?" கயலுக்கு அப்போது எட்டு வயது.

சாயங்காலம் போன் போட்டேன். அண்ணி எடுத்தார்.

"அவரு வெத்தலக் கொடிக்கால்ல இருக்காரு. என்ன விசயம்?"

"சும்மாதான் மதினி."

"சும்மாவா?"

வைத்துவிட்டார். நேரில் போனால்தான் ஆகும்.

ஜூலை 13, ஞாயிறு

காலை பஸ். நேராகக் கொடிக்காலுக்கே போனேன். வெற்றிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். தாடி நரைத்து, உடம்பு பாதியாக.

"எப்ப வந்த?"

"இப்பத்தாண்ணே."

வரப்பில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். தாளை வாங்கவில்லை. மோட்டார் ரூமுக்குள் போய் ஒரு தகர டப்பா எடுத்து வந்தார். உள்ளே சர்க்கரை மாத்திரை அட்டைகள்.

"நாலு வருசமாச்சு. மதுரைக்குப் போயித்தான் வாங்குறேன். இங்க யாருக்கும் தெரியாது. வீட்லயும்."

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"ஒன்னைய அம்புட்டுப் பேசிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

கோபப்பட நினைத்தேன். வரவில்லை. கயலையும் ரத்தம் பார்க்கக் கூட்டி வா என்றேன்.

"அவள விட்ரு. பொம்பளப்புள்ள."

"நானும் பொம்பளப்புள்ளதாண்ணே. தெரியாமத்தான காலேஜ்ல மயங்கி விழுந்தேன். அவளுக்குத் தெரிஞ்சு இருக்கட்டும்."

மறுபடி தண்ணீர் கட்டப் போய்விட்டார். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. ஊசி போட்டிருந்தேன், மதியம் சாப்பிடவில்லை. பஸ்ஸில் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது. பையில் கிடந்த மிட்டாயை அவசரமாக வாயில் போட்டேன். பக்கத்து சீட் அம்மா, "யாராச்சும் கூட வந்திருக்கலாம்ல?" என்றார். சிரித்து வைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

நம்ப முடியவில்லை. ஒன்பது மணிக்கு அண்ணன் போன்: "ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறோம். எங்கிட்டு வரணும்?"

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். இரண்டு நாள் அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அவரேதான் கிளப்பி அனுப்பியிருக்கிறார்.

கயல் என் உயரம் வளர்ந்துவிட்டாள். அதே ஒல்லி, அதே நீள விரல்கள். ரத்தம் எடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விளாங்குடி வீட்டுல நீங்க மட்டுந்தான் இருக்கீங்களா அத்தை?"

"ஆமா."

"பேசணும்னு தோணுனா?"

டிவி இருக்கு என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நல்ல மழை. ஊசி நிறுத்திப் பத்து நாள், மாத்திரை மட்டும். அளவு சரியாக இருக்கிறது. சொல்ல ஆளில்லை, அதனால் இங்கே.

மத்தியானம் அண்ணன் போன். "கயலுக்கு இல்லயாம்." அழுதார். அவருக்கு இருக்கிறது, அதே மாற்றம்தான். அது அவருக்குப் பெரிதாகவே படவில்லை.

நல்லவேளைண்ணே என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் போனை வைத்ததும் ஒரு நொடி, ஒரே நொடி, அவளுக்கும் இருந்திருந்தால் அடிக்கடி என்னிடம் வருவாளே என்று தோன்றியது. பிள்ளைக்குப் போய் இப்படி நினைத்தேனே. முகம் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அண்ணன் டாக்டரைப் பார்க்க வருகிறார். "ஒன் வீட்லயே சாப்புடுறேன்" என்றார். இரண்டு பேருக்கு அரிசி எவ்வளவு போடுவது?