நான் லேமினேஷன் போட்ட மருந்துச் சீட்டு

அடேய் சேகரு, என் செல்லத் தம்பி,

செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது, எனக்கு இன்னும் அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

போன திங்கட்கிழமை உன்னோடு விசைப்படகில் போவானே மணி, அவன் டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான். முகமெல்லாம் வேர்த்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "அக்கா, இது ஓரம் பிரிஞ்சிக்கினு தண்ணி போவுது. புச்சா ஒண்ணு போட்டுக் குடேன்" என்று ஒரு அட்டையை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். உன் மருந்துச் சீட்டு. உன் பேர், உன் வயசு, ஐந்து நாளைக்கு என்று டாக்டர் எழுதிய அதே வலி மாத்திரை.

நீ மண்ணுக்குள் போன பிறகும் உன் பேரில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு லேமினேஷன் போட்டது நான்தானே. காசிமேட்டில் எதற்குத்தான் போடுவதில்லை? ஆதார், மீனவர் அட்டை, பிள்ளைகளின் மார்க் ஷீட், சாமி படம், எல்லாம் உப்புத்தண்ணியில் ஊறிவிடும் என்று என்னிடம் கொண்டுவருவார்கள். வலை இழுக்கும்போது கம்பி இடுப்பில் அடித்து நீ படுத்தாயே, அப்போது டாக்டர் சீட்டையும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். "கடல்ல எத்தினி நாள் இருந்தாலும் நனையாதுடா" என்று பெருமை வேறு.

மாத்திரை கொடுத்ததும் மருந்துக்கடையில் சீட்டின்மேல் முத்திரை குத்துவார்கள், அதைக் காட்டித் திரும்ப வாங்கக்கூடாது என்று. பிளாஸ்டிக்மேல் குத்தின மை கட்டைவிரலால் துடைத்தால் போய்விடும். அதை நீ கண்டுபிடித்தாய். கடைக்காரருக்கும் தெரியும். ஐந்து நாள் சீட்டு இரண்டு வருஷம் ஓடியது. எனக்கு மட்டும்தான் தெரியாமல் போனதா, இல்லை தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டேனா?

ஒருநாள் நீயே சொன்னாய். "அக்கா, இடுப்பு வலி போயி எத்தினியோ நாளாச்சு. இப்போ மாத்திர போடலன்னாதான் ஒடம்பெல்லாம் முறுக்குது." நான் என்ன செய்தேன்? மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், மடச்சி. நீயும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போனாய், அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உன்னை இரண்டு அறை விடலாம் போல் இருக்கிறது.

உன் படகு ஓனரையும் விடமாட்டேன். மாத்திரை போட்டவன் களைப்பு தெரியாமல் வலை இழுப்பான் என்று தெரிந்தே கண்டுகொள்ளாமல் இருந்த மனுஷன். அன்றைக்கு நடுக்கடலில், காலையில் எழுப்பியபோது நீ எழுந்திருக்கவில்லை. மீனோடு மீனாக ஐஸ் அறையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சாவுக்கு வந்தவர்கள் என் காதுபடவே, "கண்ட கருமத்த போட்டுக்கினு பூட்டான்" என்றார்கள். டாக்டர் எழுதின மாத்திரையும் ஆளைக் கொல்லும் என்று நம் தெருவில் யாருக்குடா தெரியும்?

நான் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மணி கெஞ்சினான். "குடுக்கா. நாளைக்கு போட் கெளம்புது. அது இல்லாம என்னால முடியாது."

"இது யாரு பேருடா?"

"சேகரு பேருதான்."

"சேகரு எங்க கீறான்?"

அவன் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஷட்டரை இழுத்துவிட்டு, உன் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு அந்த மருந்துக்கடைக்குப் போனேன். சான்றிதழையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "சீட்டு கொண்டாந்தாங்க, குடுத்தோம். இதுல எங்க தப்பு என்னம்மா இருக்கு?" என்றார் கடைக்காரர். "செத்தவன் எப்புடி வந்து வாங்கினான்னு எழுதிக் குடு" என்றேன். அவர் அடுத்த ஆளுக்கு மருந்து எடுக்கத் திரும்பிக்கொண்டார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சீட்டோடு புகார் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறோம் என்றார்கள். பார்க்கும்வரை வாரா வாரம் போய் நிற்பேன்.

மறுநாள் மணி படகுக்குப் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் இந்த மாத்திரைப் பழக்கத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதை நான் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பஸ் ஏறினால் அரை மணி நேரம். அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய் நான்தான் பேர் எழுதிக் கொடுத்தேன். "நீங்க யாரும்மா இவருக்கு?" என்று சீட்டு போடுகிற பெண் கேட்டாள். அக்கா என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் வரமாட்டேன் என்றால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன், இது உன்மேல் சத்தியம். உன்னை ஒருநாளும் அப்படி இழுத்துக்கொண்டு போகாத கோபம் என்மேல்தான் இருக்கிறது சேகரு. உன்மேல் இருப்பதைவிட அது பெரிசு.

உன்னோடு அந்த ஆஸ்பத்திரி வரிசையில் நிற்காத
உன் அக்கா,
விஜயா