சாண்ட் ஸ்பிரிங்ஸுக்கு அப்பால்

மார்ச் 4, 2014. செவ்வாய்

பில்லிங்ஸ் போய் வந்தோம். மார்லிஸுக்கு ஐந்தாவது கீமோ. மொத்தம் பன்னிரண்டு. போக நூற்று எண்பது மைல், வர அதே. வழக்கம்போல் சாண்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் ரேடியோவில் கோதுமை விலை பாதியிலேயே இரைச்சலாகிவிட்டது. அணைத்தேன். அங்கிருந்து ரௌண்டப் வரை எதுவும் எடுக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்.

நாற்பத்தொரு வருஷத்தில் நானும் அவளும் பேசிய முக்கியமான பேச்செல்லாம் அந்தத் துண்டு ரோட்டில்தான். வீட்டில் முகம் பார்த்துச் சொல்ல எங்கள் இருவருக்கும் வராது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் வராது. இருவர் கண்ணும் ரோட்டில் இருந்தால் வரும். முதல் குழந்தை தங்கவில்லை என்று அவள் அங்கேதான் சொன்னாள். பண்ணையை விற்றுவிடலாம் என்று நான் சொன்னதும் அங்கேதான்.

இன்று மோஸ்பி பாலம் தாண்டியதும், “ஆரின், ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

“அங்க பாரு, மான் கூட்டம்” என்றேன்.

பார்த்தாள்.

என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும். இத்தோடு வைத்தியம் போதும் என்பாள். அவள் வாயால் அது வந்துவிட்டால் நடந்துவிடும்.

மார்ச் 6

சாட்டிலைட் ரேடியோ ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். எங்கே போனாலும் எடுக்குமாம். மார்லிஸிடம், “உனக்குப் பொழுது போகும்” என்றேன். “எனக்கா?” என்றாள்.

மார்ச் 12

தபாலில் வந்தது. பெட்டியைப் பிரித்து பாகங்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒன்றும் குறையவில்லை.

மார்ச் 15, சனி

காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை ரேடியோவை வண்டியில் பொருத்துகிற வேலை. லீலண்ட் டூல் பெட்டியோடு வந்தான். ரோடு டிபார்ட்மென்டில் இருபது வருஷம் என்னோடு இருந்தவன், வாய் ஓயாது.

பியூக் காரின் டாஷ்போர்டு மேல் சட்டத்தை பிளாஸ்டிக் ஆப்பு வைத்து நெம்பி எடுத்தேன். ஒரு கொக்கி உடைந்தது. பழைய ரேடியோவை இழுத்து வெளியே எடுத்து, மஞ்சள் ஒயரை பேட்டரிக்கும், சிவப்பைச் சாவிக்கும், கறுப்பை பாடிக்கும் கொடுத்தேன். ஆன்டெனா, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வெளியே அசிங்கமாகத் தெரிய வேண்டாம் என்று டாஷுக்குள்ளேயே வைத்து மூடினேன். சிக்னல் இல்லை.

“வானத்தைப் பாக்க வேண்டிய சாமானை இரும்புக்குள்ள பூட்டி வச்சா அது யாரோட பேசும்? உன்னை மாதிரியே கம்முன்னு கிடக்கும்” என்றான் லீலண்ட்.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். ஆன்டெனாவைக் கூரை மேல் ஒட்டி, ஒயரைக் கதவு ரப்பருக்கு அடியில் சொருகி, கால்மிதிக்குக் கீழே கொண்டுவந்தேன். கம்பெனிக்குப் போன் செய்து ரேடியோவின் எண்ணைப் படித்தேன். போனை எடுத்த பெண் கேட்டாள்: “சார், வண்டி திறந்த வெளியில இருக்கா? மேல மரம், கட்டடம் எதாவது?”

“அம்மா, நான் மொன்டானாவில இருக்கேன். இங்க வேற எதுவுமே இல்ல.”

சிரித்தாள். ஐந்தாவது நிமிஷம் பாட்டு வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து மார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள்.

நல்ல வேலை. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மார்ச் 18, செவ்வாய்

சாண்ட் ஸ்பிரிங்ஸ் வந்தது, போனது. பாட்டு நிற்கவில்லை. மோஸ்பி. வின்னெட். கிராஸ் ரேஞ்ச். ஒரு நொடி கூட அறுபடவில்லை. சிரிப்புச் சேனல் ஒன்று போட்டேன். ஒருமுறை சிரித்தாள். ஒலியைக் கூட்டினேன்.

திரும்பும்போது ஐஸ்கிரீம் வாளியில் மூன்று முறை வாந்தி.

ஏப்ரல் 1, செவ்வாய்

“அதைக் கொஞ்சம் நிறுத்தேன்” என்றாள், வின்னெட் தாண்டி.

“நியூஸ் முடியட்டும்.”

முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா? தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஷாவ்னா என்ற நர்ஸ். சின்னப் பெண், மார்லிஸுக்குப் பிடித்தவள். ஊசியைச் சரி செய்துகொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: “அப்புறம், ரெண்டு பேரும் பேசிட்டீங்களா? டாக்டர் கேட்டார்.”

எனக்கு ஒன்றும் புரியாததுபோல் நின்றேன்.

மார்லிஸ் சொன்னாள்: “எங்க பேசுறது? நான் வாயைத் திறந்தா பாண்டு வாத்தியம் வாசிக்கிறான். நூத்தம்பது சேனல், கண்ணு. எங்க ஆளு ஒவ்வொண்ணா கேட்டு முடிக்கணுமாம்.”

ஷாவ்னா சிரித்தாள். மார்லிஸும் சிரித்தாள். நான் காபி வாங்கப் போனேன். வராந்தாவில் காபி மெஷின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னால் ஒருவர் கனைத்தார்.

டாக்டருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்ல முடியல அவளால. நான்தானே விடல. அஞ்சு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து, என் கையாலேயே ஒயர் இழுத்து —

எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். திரும்பும்போதும் நான் அதை அணைக்கவில்லை. இரண்டு முறை கை போனது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஹாம் செய்தேன். இரண்டு வாய் உருளைக்கிழங்கு சாப்பிட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சாண்ட் ஸ்பிரிங்ஸில் அணைத்தேன். டயர் சத்தம் மட்டும். ஏழு மைல் ஓடியது.

“சொல்லு” என்றேன்.

“இப்பதான் காது திறந்துச்சா?”

“சொல்லு, மார்லிஸ்.”

“எனக்குப் போதும். இந்தக் கோடையையும் வாளிக்குள்ள பாத்துட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல.”

“இன்னும் நாலுதானே.”

“டாக்டர்கிட்டக் கேட்டேன். நாலும் எடுத்தா கிறிஸ்துமஸ் வரைக்குமாம். எடுக்கலைன்னா இலை உதிர்ற வரைக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நாளு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ துடைச்சவன்தானே.”

ரோடு நேராகக் கிடந்தது. எதிரில் ஒரு வண்டி வந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

“எம்மேல கோவப்படாம இருப்பியா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். நீ கோவமா இருந்தா வீட்டுல இருக்க முடியாது, ஆரின். நீ பேச மாட்டே, கதவெல்லாம் பேசும்.”

“கோவமில்ல” என்றேன். பொய். கோபம் இருந்தது. அவள் மேல் இல்லை என்பது மோஸ்பி பாலம் வரும்போதுதான் எனக்கே தெரிந்தது. அதையும் சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைத் திருப்பவா என்று கேட்டேன். “வேண்டாம், அந்தப் பொண்ணு காத்துட்டிருப்பா. நேர்ல சொல்லிட்டு வந்துடலாம்” என்றாள்.

சொல்லிவிட்டு வந்தோம். ஷாவ்னா வாசல்வரை வந்தாள்.

மே 8

லீலண்ட் வந்தான். விஷயம் சொன்னேன். கொஞ்ச நேரம் வாய் ஓய்ந்திருந்தான்.

மே 13, செவ்வாய்

பில்லிங்ஸ் போகவில்லை.

எட்டு மணிக்கு, பழக்கத்தில், வண்டியைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. மார்லிஸ், கம்பளியைச் சுற்றிக்கொண்டு.

“எங்க கிளம்பிட்டே?”

“எங்கேயுமில்ல.”

“சரி. இப்படியே இரு.”

கண்ணாடிக்கு வெளியே கொட்டகைச் சுவரும் கொஞ்சம் வேலியும் தெரிந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே பேசினோம். விஷயத்தைச் சொல்ல ஸ்போக்கேனில் இருக்கும் மகனுக்கு நான் அல்ல, அவளே போன் செய்வாள். அடக்கத்துக்கு நீல உடுப்பு வேண்டாம், அது அவளுக்கு என்றுமே பிடித்ததில்லையாம். வாங்கித் தந்தவன் நான் என்பதால் போட்டுக்கொண்டிருந்தாளாம். நான் லீலண்ட் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வேண்டும், கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. பாதியில் அழுதேன். அவள் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நான் முடிக்கும்வரை இருந்தாள்.

பன்னிரண்டே காலுக்கு உள்ளே வந்தோம். பெட்ரோல் முள் ஒரு கோடு இறங்கியிருந்தது.

நாளையும் எட்டு மணிக்கு என்றாள்.