காத்து என்றால் எது

பிரிக்பீல்ட்ஸ், 1991

அன்புள்ள அம்மா,

உங்கள் முட்டி வலி தேவலையா? அப்பா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கூடத்தில் சிதறிக் கிடந்த கண்ணாடியைக் காட்டிப் பேராசிரியர் "யார் செய்தது?" என்று கேட்டபோது, நான் சிரில் அங்கிளின் பெயரைச் சொல்லவில்லை. "நான்தான் சார்" என்றேன். அங்கிள் எங்கள் கான்ட்ராக்ட் டெக்னீஷியன். ஒரு புகார் வந்தால் வேலை போய்விடும்.

கண்ணாடிக் குழாயில் ஆர்கான் வாயுவை விட்டு மைக்ரோவேவால் ஒளிர வைக்கிறோம். ஆர்கானில் பிளாஸ்மா, அதாவது அந்த ஒளிரும் வாயு, மெல்லிய நூலாக நெளியும். வெறும் காற்று கலந்தால் அது சுருங்கிப்போய், வாயு கடுமையாகச் சூடாகும். நான் ஆர்கானை நினைத்து, "காத்தைக் கொஞ்சம் கூட்டுங்க அங்கிள்" என்றேன். அவர் காற்றுக் குழாயைத் திறந்துவிட்டார். கண்ணாடி வெடித்தது. எனக்கு மணிக்கட்டில் சின்னக் கீறல்தான்.

"காத்துன்னா காத்துதானே லா! ஆர்கான்னு சொல்ல வாய் வலிக்குதா மா?" என்று கத்திக்கொண்டே தன் கைக்குட்டையால் கட்டுப் போட்டார்.

நீளக் கை பிளவுஸ் இரண்டு அனுப்புங்கள். நீங்கள் படித்து முடித்த தமிழ்ப் பேப்பர்களும் வேண்டும். பழசானாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புதன்கிழமை சிரில் அங்கிளே பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். இந்த மாதத்தோடு அவருக்கு வேலை இல்லை.

உங்கள் மகள்,
மங்களேஸ்வரி