மலைக்குப் போகும் மோட்டாருக்கு என்ன ஊற்றுவது

டிச. 3, திங்கள்

விடியற்காலை முதல் தூறல். பாளையங்கோட்டைத் தெரு முழுதும் சேறு. தபால்காரர் தாமதம்.

அன்னத்தின் கடிதம். இருமல் விட்டுவிட்டதாம். இனி மலையிறங்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க வேண்டுமாம். கொடைக்கானலில் தன் தங்கை வீட்டுக்கு என் மனைவி போய் ஐந்து மாதம். டோலியில் மட்டும் இறங்க மாட்டாள்: "நாலு பேர் தோளில் போவது ஒரு தடவை போதும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது."

பேட்டை மீரான் ராவுத்தர் (இனி மீ.ரா.) தம் மோட்டாரில் போய் அழைத்து வரலாம் என்கிறார். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கிய பழைய வண்டி. பித்தளை விளக்கு இரண்டு. துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார். வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அதில் அரைப் பக்கத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். கடுங்குளிரில் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் இரும்பே பிளந்துவிடுமாம்.

தடுமாறாமல் யோசிக்க, வரும் நாட்களில் கவனிக்க வேண்டியவை:

1. மலையில் மார்கழிக் குளிருக்குத் தண்ணீர் உறையக் கூடும்.
2. உறையாதிருக்கக் கலப்பவை: ஒரு வகைச் சுண்ணாம்பு உப்பு, ஸ்பிரிட், கிளிசரின். மூன்றையும் சீர்தூக்கல்.
3. மீ.ரா.வின் சம்மதம்.
4. அன்னத்துக்கு இதைப் பற்றி ஒரு வரியும் எழுதலாகாது. பயந்துவிடுவாள்.

நீர் உறைந்தால் விரியும் என்று முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். பனிக்கட்டியைக் கண்ணால் கண்டதில்லை.

டிச. 4

வெயில். உப்பு வேண்டாம், இரும்பைத் தின்னும் என்று புத்தகமே சொல்கிறது. மிச்சம் இரண்டு.

ஸ்பிரிட் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். மதுவிலக்கு உறுதிமொழியில் கையெழுத்திட்டவன் நான். கடையில் சபையார் இருவர். இருமல் மிட்டாய் வாங்கித் திரும்பினேன். பிற்பகல் மறுபடியும் போனேன். கிடைத்தது.

சோதனை: தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்த கிண்ணத்தை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்தேன். சற்று நேரத்தில் அறை முழுதும் வாடை. கிண்ணத்தில் எஞ்சியது ஏறக்குறைய வெறும் தண்ணீர். கோவில்பட்டி தாண்டுவதற்குள் எல்லாம் ஆவியாகிவிடும். மலைமேல் போய்ச் சேரும்போது ஒன்றும் இராது.

மீ.ரா. சிரித்தார். "நல்லதாப் போச்சு வே. என் மோட்டார் சாராயம் குடிக்குதுன்னு பள்ளிவாசல்ல கேட்டா என்ன சொல்லுவேன்?"

அன்னத்தின் தலையணை உறையை வெயிலில் போட்டேன். எடுக்க மறந்தேன்.

டிச. 6

கிளிசரின்தான் சரி. ஆவியாகாது, இரும்பைத் தின்னாது. யுத்தத்தில் வெடிமருந்துக்கெல்லாம் அதுவே போகிறதாம். கம்பவுண்டரிடம் கெஞ்சி இரண்டு புட்டி. பேட்டைக்கு நடந்தே போனேன்.

மீ.ரா. புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத எதுல இருந்து எடுக்குதாங்க?"

"சோப்புச் செய்யும்போது வருகிறது. கொழுப்பிலிருந்து."

"எந்தக் கொழுப்பு வே?"

மாட்டுக் கொழுப்பு என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தெரியாததைச் சொல்ல வாய் வரவில்லை. மாடோ பன்றியோ, தெரியாது என்றேன்.

"நான் என்ன குடிக்கவா போறேன், வண்டிக்குத்தானேன்னு நீரு நினைப்பீரு. ஆனா அந்தத் தண்ணிப் பெட்டியத் தினமும் துடைக்கது இந்தக் கைதானே." புட்டியை என் கையில் கொடுத்து, "பொய் சொல்லாமச் சொன்னீரு பாரும், அது போதும்" என்றார்.

புட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீ.ரா. மேல் வருத்தம் இல்லை. வேறு யாராவது விவரமானவர் இந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் என்று மட்டும் தோன்றியது.

டிச. 7

மீ.ரா. கருப்பட்டி மொத்த வியாபாரி, எல்லாம் உடன்குடிச் சரக்கு. இன்று கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று கேட்டார்: "வாத்தியாரே, பாகு உறையுமா?"

வெறும் நீரைவிட இனிப்பு நீர் தாமதமாகவே உறையும். அது உண்மை. எவ்வளவு தாமதம் என்று தெரியாது. புத்தகத்தில் இல்லை. ஆனாலும் செய்து பார்க்கலாம் என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

டிச. 8

எழுதவே கூச்சம்.

வடிகட்டிய பாகு, தண்ணீரோடு, பாதிக்குப் பாதி. ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டை வரை ஓட்டம். என் தெருமுனையில் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை. தெருவெல்லாம் மணம். யாரோ கத்தினார்கள்: "ஏலே, மோட்டார்ல பணியாரம் சுடுதாங்க, ஓடி வாங்க!"

மீ.ரா. மூடியைப் பார்த்தபடியே நின்றார். "வாசம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

டிச. 9, ஞாயிறு

வண்டி என் வாசலில்தான் நிற்கிறது. பித்தளை விளக்கு வரை எறும்பு வரிசை. ஆராதனை முடிந்து வந்தவர்கள் நின்று பார்த்துப் போனார்கள். மாலையில் இருவருமாக ஏழு முறை வெந்நீர் விட்டுக் கழுவினோம். ஏழாம் முறையும் தண்ணீரில் லேசான இனிப்பு. (நாக்கில் தொட்டுப் பார்த்தவர் மீ.ரா.)

டிச. 10

என்னால் ஆகாது, அன்னம் வெயில் காலம் வரை மேலேயே இருக்கட்டும் என்றேன். மீ.ரா. தலையைச் சொறிந்தார். சனிக்கிழமையே தம் கணக்கப்பிள்ளையை வைத்து அன்னத்துக்கு எல்லாம் எழுதிப் போட்டுவிட்டாராம். கருப்பட்டி உட்பட.

"கோவிச்சிக்கிடாதேயும். தங்கச்சிக்குத் தெரியாம ஒளிச்சு என்னத்தக் கண்டீரு?"

கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை. இரவு வரை அவள் அங்கே பயந்து கிடப்பதாகவே நினைப்பு.

டிச. 14

அன்னத்தின் கடிதம்.

"ராவுத்தர் அண்ணாச்சி எழுதியதைப் படித்துத் தங்கையும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எதிர்வீட்டு மோட்டார்க்காரரிடம் கேட்டேன். பொழுது சாய்ந்ததும் அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறார். காலையில் வெந்நீர் ஊற்றுகிறார். அவ்வளவுதான். மிச்சக் கருப்பட்டியை வீணாக்காமல் கொண்டு வாருங்கள். இங்கே நல்லது கிடைப்பதில்லை."

மூன்று தடவை படித்தேன். எதை ஊற்றுவது என்றே யோசித்த எனக்கு, இருப்பதைக் கொட்டிவிடலாம் என்று தோன்றவே இல்லை. பேட்டைக்குப் போய் மீ.ரா.விடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏன் வே?" என்றார்.

கொண்டுபோக: கம்பளி 2, வாளி, அவளுடைய பச்சைச் சால்வை, கருப்பட்டி ஓர் ஓலைக் கொட்டான்.

டிச. 19, கொடைக்கானல்

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். அன்னம் இளைத்திருக்கிறாள். குரல் மட்டும் பழையபடி. இருட்டுமுன் குழாயைத் திறந்தோம். கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தேன்.

காலையில் புல் முழுதும் வெள்ளை. விரல் மரத்துப் பேனா பிடிபடவில்லை. அன்னம் முற்றத்துத் தொட்டியிலிருந்து கண்ணாடிச் சில்லுபோல ஒன்றை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"முப்பது வருஷம் பாடம் நடத்தினீங்களே, பிடிங்க."

கை எரிந்தது. கீழே போட மனமில்லை. மீ.ரா. வாசலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவள் பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

3-ஆம் தேதிக் குறிப்பில் நான்காவது, அன்னத்துக்கு எழுதலாகாது என்றது, தவறு.